கம்பி எடுக்காத மலர்வளையம்

எங்கள் பட்டறை உலை ஆயிரத்து முந்நூறு டிகிரி வரை போகும். அதன் முன்னால் நின்று ஒருமுறை தும்மினேன். தும்மல் பாதி வழியிலேயே காய்ந்து தரையில் பொத்தென்று விழுந்தது. காந்தக்கா துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டி அள்ளினாள். அவளைக் கேட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பாள். அவள் உண்மையை மட்டும் பேசுகிறவள். அதனால் அவளோடு பத்து நிமிஷம் உட்கார முடியாது.

பட்டறையில் மூன்று பேர்தான். முதலாளி முன்பு கல்லூரியில் வேதியியல் நடத்தியவர், ஆகவே வாத்தியார். அரைத்த கரித்தூளின் மேல் காந்தக் கட்டையை ஓட்டி இரும்பைப் பிரித்தெடுப்பவள் காந்தக்கா. கழிவைச் சுத்தம் செய்து, உலையில் ஏற்றி, சுட்டு இறக்குகிறவன் நான். என்னை அவள் ‘பெருசு’ என்பாள். வாத்தியார் பெயர் சொல்லியே கூப்பிடுவார். அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

நாங்கள் செய்தது சோடியம் பேட்டரிக்கான கரி. பேட்டரியின் ஒரு பக்கத்திலிருந்து சோடியம் கிளம்பி வந்து மறுபக்கத்துக் கரிக்குள் குடியேறினால் சார்ஜ் ஏறியது என்று அர்த்தம். திரும்பிப் போகும்போது கரண்ட் கொடுத்துவிட்டுப் போகும். சோடியத்துக்கு உடம்பு கொஞ்சம் பெரிது. பென்சில் கரி மாதிரி சீராக அடுக்கிய கரிக்குள் அதனால் நுழைய முடியாது. கோணல்மாணலாக, சந்தும் பொந்துமாக இருக்கும் கரிதான் அதற்கு வீடு. செடிகொடிக் கழிவை, காற்றுப் படாமல் நைட்ரஜன் விட்டு நிதானமாகச் சுட்டால் அந்த மாதிரிக் கரி கிடைக்கும். “ஒழுங்கில்லாததுங்களை வெச்சுத்தான் இந்தத் தொழிலே ஓடுது” என்று வாத்தியார் சொல்லும்போதெல்லாம் அவர் பார்வை என் பக்கமே திரும்பும்.

முதலில் சோளச் சக்கையைத்தான் சுட்டோம். ஒரு வருஷம் மழை பொய்த்தது, சக்கையை மாடுகளே விடவில்லை. வாத்தியார் ஊரெல்லாம் அலைந்து கடைசியில் இடுகாட்டுக் காவலாளியிடம் போய் நின்றார். அங்கே வாடிய மலர்வளையங்கள் மலைபோலக் கிடந்தன. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிற்காத வரத்து. வாரம் ஒரு வண்டி வந்து இறங்கியது.

ஒரு பெரிய மேடைப் பேச்சாளர் செத்தபோது அவருக்கு விழுந்த வளையங்களை மட்டும் தனியாகச் சுட்டு ஒரு பேட்டரி செய்தோம். விளக்கில் மாட்டினால் அணையவே இல்லை. ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தோம், ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். கடைசியில் மூன்று பேரும் நின்று கைதட்டிய பிறகுதான் அடங்கியது.

மலர்வளையத்தில் பூவும் இலையும் வைக்கோலும் மட்டும் இருக்காது. ரிப்பன் இருக்கும், நூல் இருக்கும், உள்ளே வட்டமாகக் கம்பி இருக்கும். அந்தக் கம்பியை உருவி எடுப்பதுதான் என் முதல் வேலை. பிறகுதான் நறுக்குவது, ஆசிட்டில் அலசுவது, காயவைப்பது, மூடி போட்ட கரிப்பெட்டிகளில் அடைத்து உலைக்குள் தள்ளுவது எல்லாம். வந்த முதல் நாளே வாத்தியார் சொல்லிவிட்டார்: “இரும்பு ஒரு பொட்டுகூட உள்ள போகக்கூடாது. போனா, தன்னைச் சுத்தி இருக்கிற கரியை எல்லாம் சீரா அடுக்கிடும், சோடியம் நுழையாது. அதைவிட மோசம், பேட்டரிக்குள்ள துளி இரும்பு கிடந்தா சார்ஜ் தானாவே கசியும். வெளிய பாத்தா பானை முழுசா இருக்கும், ஊத்துன தண்ணி இருக்காது.”

நான் ஒரே மாதத்தில் ஆயிரம் வளையத்துக்குக் கம்பி எடுத்திருப்பேன். இது அளப்பு இல்லை. விரல் நுனிகளைப் பார்த்தால் தெரியும்.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி கல் அறுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். நுரையீரல் முழுக்கக் கல்தூள். “செத்தா எனக்குக் கல்லறைக் கல் தனியா வாங்க வேணாம்ணே, உள்ளயே இருக்கு” என்பான். மூக்கில் குழாய் வைத்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அரைமணி நேரம்கூடத் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் பகுதியில் தினமும் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை கரண்ட் கட். அவனிடம் இருந்த பழைய பேட்டரி முக்கால் மணி நேரம் இழுத்துப் பறித்து ஓடும். ஆகவே தினமும் ஒன்றரை மணிக்கு நானும் தம்பி மனைவியும் அவனை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ப்ளக் பாயிண்ட் ஓரமாக உட்கார வைப்போம். ஆறு மணிக்குத் திரும்பத் தூக்குவோம். தம்பி மனைவி தையல் கம்பெனி வேலையை விட்டது இதனால்தான். நான் காலையில் நாலு மணிக்கே பட்டறைக்குப் போய் மதியத்தோடு கிளம்பியதும் இதனால்தான்.

“முதல் பெரிய ஈடு சுட்டு நல்ல கரி வந்தா பன்னிரண்டு பேட்டரி கட்டுவேன். பன்னிரண்டும் மூச்சு மெஷின் வெச்சிருக்கிற வீட்டுக்குத்தான். ஒண்ணு உன் தம்பிக்கு” என்று வாத்தியார் வாக்குக் கொடுத்தார். ஐந்து மணி நேரம் ஓடும் என்றார். அதைத் தம்பியிடம் சொன்னபோது, “இதுவும் உன் கதைதானேண்ணே?” என்றான். தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “நிஜமா மாமா?” என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த முதல் ஈடு சுடப் பெட்டிகளை அடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து பெட்டி முடிந்தது. ஆறாவதுக்குச் சரக்கு குறைந்தது. மூலையில் மிச்சம் கிடந்த வளையங்களை இழுத்துப்போட்டுக் கம்பி எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் கை நின்றது.

அந்தக் கம்பியின் முனை ஒன்பது தரம் முறுக்கி, குத்தாமல் உள்பக்கம் மடித்து, மேலே நீல நூல் சுற்றியிருந்தது. நான் கட்டியது. என் மனைவி போய் அப்போது பதினோரு வாரம். அவள் சாவன்று கடையில் வாங்க மனசு வராமல், வீட்டிலிருந்த, துருப்பிடிக்காமல் பூச்சுப் போட்ட ஜி.ஐ. கம்பியை வளைத்து நானே கட்டினேன். நான் எது கட்டினாலும் கம்பி முனை துருத்திக்கொண்டு அவள் கையைக் கிழிக்கும். “இந்த ஜென்மத்துல ஒரு முனையை மடக்கக் கத்துக்க மாட்டியா?” என்று முப்பத்தாறு வருஷம் கேட்டாள். அன்றுதான் மடக்கினேன். நூல் அவளுடைய தையல் பெட்டியிலிருந்து எடுத்தது.

ஆயிரம் வளையத்துக்கு எடுத்த கை. முனையை நிமிர்த்தி ஒரு இழு இழுத்தால் போதும், வளையம் உதிர்ந்துவிடும். அந்த முனையை என்னால் நிமிர்த்த முடியவில்லை.

வெளியே எறிந்திருக்கலாம் என்பீர்கள். குப்பை வண்டிக்கா? வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: இவளும் தம்பி பேட்டரிக்குள் போகட்டும். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் மூச்சுக் கொடுத்தால் அவன் மறுக்கவா போகிறான்? நான் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரிக் கதை ஒன்றை எனக்கே சொல்லிக்கொண்டு, நானே நம்பினேன். வளையத்தை முழுசாக, கம்பியோடு, ஆறாவது பெட்டியின் அடியில் வைத்தேன். மேலே மற்றதைக் கொட்டி மூடினேன்.

மறுநாள் உலை ஆறிய பிறகு புகைக்குழாயின் வளைவைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒன்று படிந்திருந்தது. அதற்கு முன் அங்கே நான் பார்த்ததெல்லாம் கறுப்புத் தார் மட்டும்தான். கம்பியின் பூச்சு சூட்டில் ஆவியாகி அங்கே வந்து படிந்திருக்கிறது என்று புரிந்தது. வாத்தியார் வருவதற்குள் அதை விரலால் வழித்து ஒரு தைல டப்பாவில் போட்டு மூடினேன். எறிய மனசில்லை. பெட்டியைத் திறந்தால் கம்பி இல்லை. கரியோடு சேர்ந்தால் இரும்பு சீக்கிரமே உருகும். துளித்துளியாகக் கரிக்குள் இறங்கிவிட்டிருந்தது. ஆறு பெட்டியும் ஒன்றாகக் கொட்டப்பட்டு அரைபட்டது.

காந்தக்கா தூளின் மேல் கட்டையை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“என்ன பெருசு, இன்னைக்குக் காந்தம் தாடி வளத்திருக்கு?”

கட்டையின் அடியில் கறுப்பாக ரோமம் ரோமமாக நின்றது.

“அது ஒரு கொல்லரோட வளையம்க்கா. அறுபது வருஷம் இரும்பை மென்னு தின்ன மனுஷன். அவருக்கு ஊசி போடப் போன நர்ஸுக்கு ஊசி கையைவிட்டுப் பறந்து அவர் கையில போய் ஒட்டிக்கிச்சாம். அவருக்குப் போட்ட பூவுல இரும்பு இல்லாமயா இருக்கும்?”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உன் வாயில உலையை வெச்சுச் சுடணும்யா” என்றாள். கட்டையைத் துடைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை ஓட்டினாள். மூன்றாவது தடவை தாடி இல்லை. அவ்வளவுதான். வழக்கமாக இப்படி வந்தால் வாத்தியாரைக் கூப்பிட வேண்டும். அவள் கூப்பிடவில்லை. நான் அவளைச் சிரிக்க வைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மொத்தத் தூளும் குப்பைக்குப் போகும், அடுத்த ஈடு சுட இரண்டு மாதம். இரண்டு மாதம் அந்த மூன்று மாடி. தம்பி அந்தப் படிகளில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீலமாகிக்கொண்டிருந்தான். வாத்தியார் சின்னச் சின்ன பேட்டரி செய்து பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. “பிரமாதம்!” என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் நான் அந்தப் பஞ்சை மறந்தேன். மறந்தேன் என்று சொல்வது வசதியாக இருக்கிறது.

பேட்டரி வீட்டுக்கு வந்தது. சூட்கேஸ் அளவு, முகப்பில் நாலு பச்சை விளக்கு. முதல் நாள் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்கு இன்னும் ஒரு விளக்கு பாக்கி இருந்தது. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி, “சாயங்கால வெயில் நம்ம வீட்டுல இப்படி விழுமாண்ணே?” என்றான். ஒன்றரை வருஷமாக அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததில்லை.

இரண்டாம் வாரம் தம்பி மனைவி தையல் கம்பெனிக்குத் திரும்பப் போனாள். மதியம் நான் வந்து உட்காருவேன்.

பத்தொன்பதாவது நாள். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நாலு விளக்கும் எரிந்தது. தம்பி கண்ணை மூடிப் படுத்திருந்தான். நான் செய்தித்தாளைப் பிரித்தேன். இரண்டாம் பக்கம் திருப்பும்போது மூன்று விளக்கு. மூன்றாம் பக்கத்தில் ஒன்று. ஒரு பக்கத்துக்கு இரண்டு விளக்கு என்ன கணக்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கீச்சிட ஆரம்பித்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். தம்பி மனைவி போன் கம்பெனி வாசல் பெட்டியில் பூட்டி இருக்கும்; அடித்துக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டைத் தட்டினேன், மேல் வீட்டைத் தட்டினேன். மதியத்தில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். கீழ் வீட்டு அம்மாள் ஒருத்தி வந்தாள். எழுபது வயது, இடுப்பில் பெல்ட். நானும் அவளும் நாற்காலியை வாசல் வரை தூக்கினோம். அங்கேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். “முடியலையேப்பா” என்று அழுதாள். பிறகு ஆள் கூட்டிவரப் படியிறங்கினாள்.

பழைய பேட்டரியை மாட்டினேன். பத்தொன்பது நாள் கேட்பாரற்றுக் கிடந்தது; மெஷின் ஒரு முறை முனகிவிட்டு நின்றது.

தம்பியை வாசல் நிலையில் சாய்த்து உட்கார வைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டேன். அவன் தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

“இப்ப வந்துடும்டா. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு.”

“கதை... சொல்லுண்ணே.”

வராந்தாவில் அவனை உட்கார வைத்த நாட்களிலெல்லாம் கதைதான் சொல்வேன். என்னிடம் இல்லாத கதையா? அன்று வாயைத் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை. வந்தது இது ஒன்றுதான். வளையத்தைச் சொன்னேன், நீல நூலைச் சொன்னேன், ஆறாவது பெட்டி, வெள்ளைப் பஞ்சு, காந்தத்தின் தாடி, கொல்லர் கதை எல்லாம் சொன்னேன். “உன் பேட்டரியை நான்தான்டா கெடுத்தேன்” என்றேன்.

அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான். உதடு ஊதா நிறம்.

“அண்ணி... வளையமா?”

“ஆமாடா.”

“நல்லால்லண்ணே,” என்றான். மூச்சு வாங்கி மறுபடி சொன்னான். “சிரிக்க... எடமே இல்ல. வேற சொல்லு.”

நான் அந்தப் பேச்சாளர் பேட்டரியைச் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்விட்சைத் தட்டியதையும் ஒயரைப் பிடுங்கியதையும் சொன்னேன். கைதட்டும் இடத்துக்கு வரும்போது அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் முடித்தேன். பாதியில் விட்டால் அவனுக்குப் பிடிக்காது.

ஆம்புலன்ஸ் முப்பத்தைந்து நிமிஷத்திலேயே வந்துவிட்டது. நல்ல பையன்கள், வேகமாகத்தான் ஓட்டி வந்திருந்தார்கள்.

தம்பி மனைவி வந்து, எல்லாரும் வந்து, ஐந்து மணிக்கு நான் பட்டறைக்கு நடந்தேன். அங்கே போகக் காரணம் இருந்தது. பதினோரு பேட்டரி பதினோரு வீட்டில் இருந்தது. மறுநாளும் இரண்டு மணி வரும்.

வாத்தியாரும் காந்தக்காவும் விஷயம் தெரிந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காந்தக்கா என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

“பெருசு, இன்னைக்காவது சும்மா இரு. பொண்டாட்டி வளையம், நீல நூலு... உனக்கு ஏன்யா இப்படி ஓடுது புத்தி? பேட்டரின்னா கெட்டுத்தான் போகும். உன் மேல நீயே ஏன் இழுத்துப் போட்டுக்கிற?”

“நெஜம்க்கா.”

“கொல்லர் கதையும் நெஜம்னுதான் சொன்ன.”

வாத்தியாரும் தலையை ஆட்டினார். துக்கத்தில் பேசுகிறான் என்று அவர் முகம் சொன்னது. “சோதனையில எல்லாம் சரியா இருந்ததேப்பா. நாளைக்குப் பேசலாம்.”

நான் சட்டைப் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். பத்தொன்பது நாளுக்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டியது.

வாத்தியார் திறந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒரு சிட்டிகையை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்புத் தீயில் காட்டினார். வெள்ளை மெல்ல மஞ்சளானது. தீயை விட்டு எடுத்தார். ஆற ஆறத் திரும்ப வெள்ளையானது. அவர் கரண்டியை இறக்கி வைத்தார்.

“துத்தநாகம்,” என்றார். “ஜி.ஐ. கம்பிப் பூச்சு. எங்க இருந்தது இது?”

“புகைக்குழாய் வளைவுல.”

காந்தக்கா என் கையை விட்டாள். அவள் பார்த்தது என்னை இல்லை, சுவரில் மாட்டியிருந்த காந்தக் கட்டையை. “நான் கூப்பிட்டிருக்கணும்,” என்றாள். “தாடி வந்தப்பவே கூப்பிட்டிருக்கணும். சிரிச்சுட்டு விட்டேனே.” அதற்குப் பிறகு அவள் என் எந்தக் கதைக்கும் சிரித்ததில்லை. நானும் சொல்லவில்லை.

வாத்தியார் போனை எடுத்தார். என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, “இன்னைக்கே எடுத்துக்கிறோம். நாளைக்கு மதியம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க” என்று ஒரே குரலில் பதினோரு தடவை சொன்னார். எட்டாவது வீட்டில் யாரோ கத்துவது எனக்குக் கேட்டது. நானும் காந்தக்காவும் வண்டி பிடித்து வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினொன்றையும் தூக்கி வந்தோம். அதில் இரண்டு பேட்டரிக்கு வயிறு உப்பியிருந்தது. ஒரு வீட்டுக் கிழவர் பேட்டரியின் கைப்பிடியை விடவே இல்லை; அவர் மகள் விரல் விரலாகப் பிரித்தாள். அவர்களும் மறுநாளிலிருந்து யாரையாவது மாடியிறக்கித் தூக்கிப் போயிருப்பார்கள்.

தம்பி மனைவியிடம் மறுநாள் காலையில் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் வளையம் கட்ட உட்கார முடியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். “அவருக்குத் தெரியுமா மாமா?” என்றாள்.

“சொன்னேன். நம்பலை.”

“நல்லது,” என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

தம்பிக்கும் வளையம் நான்தான் கட்டினேன். கம்பியைத் தொடவில்லை. வைக்கோலைப் பிரியாக முறுக்கி, வட்டமாக வளைத்து, நூலாலேயே சுற்றிக் கட்டினேன். என்றைக்காவது அது பட்டறைக்கு வந்து சேரும். உருவி எடுக்க அதில் எதுவும் இருக்கக்கூடாது. நூல் கட்டு எத்தனை நேரம் தாங்கும் என்று நான் யோசிக்கவில்லை. இடுகாட்டு வாசலைத் தாண்டுவதற்குள் வட்டம் விரிந்து, பூவெல்லாம் தெருவில் கொட்டியது. பின்னால் வந்தவர்கள் கால் வைக்காமல் ஒதுங்கி நின்றார்கள். நான் கையில் வெறும் வைக்கோல் பிரியோடு நின்றேன்.

தம்பி மனைவி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் குனிந்தேன்.